எங்கள் தெருவுக்கு மேல் வந்த ஹெலிகாப்டர்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு புரட்டாசி மாதத்தில், மீஞ்சூரில் எங்கள் தெருவில் நடந்தது இது. எனக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புத் தொழிற்சாலையில் கிரேனுக்குச் சிக்னல் கொடுக்கும் வேலை பார்க்கிறேன். கொக்கியை மாட்டிவிட்டு, அண்ணாந்து பார்த்து, தூக்கு, இறக்கு, நிறுத்து என்று கையாலேயே காட்ட வேண்டும். வாயைத் திறக்கவே தேவையில்லை. நாலு பேர் முன்னால் பேசக் கூச்சப்படும் எனக்கு அது பொருத்தமான வேலை.

நாள் முழுக்க மேலே பார்த்துப் பழகியதாலோ என்னவோ, விமானம் பார்ப்பதில் எனக்கு ஒரு பிரியம் உண்டு. சென்னையில் கிளம்பி வடக்கே போகிற விமானங்கள் சில எங்கள் ஊருக்கு மேலே தாழ்வாகப் போகும். வாலின் நிறத்தைப் பார்த்து எந்தக் கம்பெனி என்று சொல்லிவிடுவேன். இறக்கை முதுகு மேல் இருக்கும் சின்ன விமானம் வந்தால், மாவு மில் போல வரும் சத்தத்திலேயே தெரிந்துவிடும். என் மகள் ஃபோனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்திருந்தாள். விமானம் எங்கிருந்து எங்கே போகிறது என்று அதில் வரும். நான் ஆங்கிலம் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் ஊர்ப் பெயர்கள் பழகிவிட்டன. தெருவில் யாராவது, "இன்னாணா, இது எங்க போவுது?" என்று கேட்டால், "கல்கத்தா" என்பேன். அவ்வளவுதான் என் பேச்சு. அதிகம் பேசாத ஆள் சொல்வதால் எல்லோரும் அப்படியே நம்புவார்கள்.

அன்று செவ்வாய்க்கிழமை. எனக்கு இரண்டாவது ஷிஃப்ட் என்பதால் காலையில் வீட்டில் இருந்தேன். பத்து மணி வாக்கில் ஒரு ஹெலிகாப்டர் வந்தது. அவ்வளவு தாழ்வாக நான் எதையும் பார்த்ததில்லை. கொடியில் காய்ந்த துணியெல்லாம் படபடவென்று அடித்துக்கொண்டது. மெதுவாகப் போகும், ஓரிடத்தில் அப்படியே நிற்கும், மறுபடி கொஞ்சம் போகும். தெருக் கடைசிவரை போய்த் திரும்பி வந்தது. அதன் வயிற்றுக்குக் கீழே கேமரா போல உருண்டையாக ஏதோ இருந்தது.

ஆப்பைத் திறந்தேன். அதில் ஹெலிகாப்டர் வரவே இல்லை. ஊரில் பறப்பதெல்லாம் தெரிகிற ஆப்பில் இது தெரியவில்லை என்றால், யாருக்கும் தெரியாமல் செய்கிற காரியமாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

டீக்கடைக்காரர் ஓடி வந்து, "இன்னா வண்டிபா இது?" என்றார்.

"ஆப்ல வரல. கெவுருமென்ட்டுதான்."

"இங்க இன்னாத்துக்கு வந்துக்குது?"

"அளக்குறாங்க போல" என்றேன்.

எங்கள் தெரு புறம்போக்கு இடத்தில் இருக்கிறது. வீட்டு வரி கட்டுகிறோம், பட்டா கிடையாது. ரோடு அகலப்படுத்தப் போகிறார்கள், கம்பெனிக்கு இடம் எடுக்கப் போகிறார்கள் என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு பேச்சு கிளம்பும். நான் சொன்னது மதியத்துக்குள் தெருமுனைக்குப் போய்ச் சேர்ந்தது. போய்ச் சேர்ந்தபோது 'ஊடுங்கள இடிக்கிறதுக்கு அளந்துக்கினு போயிட்டாங்களாம்' என்று ஆகியிருந்தது.

எதிர் வீட்டில் ஒரு அக்கா இருக்கிறார். தொழிற்சாலைக் கேன்டீனில் சமையல் வேலை. அவருடைய மகளை மணவாள நகரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்து மகளை அழைத்து வந்திருக்க வேண்டும். ஆனால் அப்போதுதான் வீட்டுக் கூரையின் பழைய ஷீட்டைக் கழற்றிவிட்டு, கான்கிரீட் தளம் போட ஏற்பாடு செய்திருந்தார்கள். தளம் போட்டால், அதை அடியில் தாங்கும் முட்டுக் கம்புகளை மூன்று வாரம் பிரிக்கக் கூடாது. அதையும் சேர்த்துப் பார்த்து, பிரசவத்துக்கு முன் மகள் வந்துவிடலாம் என்று நாள் குறித்திருந்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை தளம்.

புதன்கிழமை காலையில் அக்கா என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, நீ சொன்னது நெசமா? தளம் போடட்டா, வேணாமா? நீ ஒரு வார்த்த சொல்லு."

எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பக்கத்து வீட்டு ஆட்கள் நாலைந்து பேர் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முந்தின நாள் சொன்னதை மாற்றிச் சொல்ல வெட்கமாக இருந்தது. வேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.

அன்று சாயங்காலமே அக்கா மேஸ்திரியிடம் சொல்லி வேலையை நிறுத்திவிட்டார். மேஸ்திரி, தளத்துக்கு அடியில் விரிக்கும் சென்ட்ரிங் தகடு, முட்டு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு பொன்னேரியில் வேறு வேலைக்குப் போய்விட்டார். அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. அக்காவும் அவர் வீட்டுக்காரரும் நாலு சுவர்களின் மேல் தார்ப்பாய் கட்டி, சாமான்களைக் கட்டில்மேல் ஏற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். தார்ப்பாயில் தேங்கும் தண்ணீரை அக்கா குச்சியால் தள்ளிவிடுவதை என் ஜன்னலிலிருந்து பார்ப்பேன்.

பத்து நாள் கழித்து, வேலைக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தேன். பொன்னேரி தாண்டியதும் ஜன்னல் வழியே அதே ஹெலிகாப்டரைப் பார்த்தேன். கீழே ஒரு வீடுகூட இல்லை. வெறும் நெல் வயல். அளக்க அங்கே என்ன இருக்கிறது? அப்போதுதான் அதற்குக் கீழே கவனித்தேன். வரிசையாக மின்சாரக் கோபுரங்கள். ஒவ்வொரு கோபுரத்துக்கும் பக்கத்தில் நின்று நின்று அது போய்க்கொண்டிருந்தது. எங்கள் தெருவுக்குப் பின்னாலும் அதே மாதிரி கோபுரங்கள் உண்டு. அன்றைக்கு நான் ஹெலிகாப்டரை மட்டும்தான் பார்த்திருந்தேன்.

கவரைப்பேட்டையில் இறங்கிவிட்டேன். வேலை போனால் போகட்டும் என்று வரப்பில் நடந்தேன். ஒரு கோபுரத்தின் அடியில் ஜீப் நின்றது. இரண்டு பேர் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிட்டே போய்க் கேட்க வாய் வரவில்லை. கால் மணி நேரம் தள்ளியே நின்றேன். அவர்களில் ஒருவரே கூப்பிட்டார்.

"இன்னாணா, ரொம்ப நேரமா நிக்கிற? நெலம் உன்னுதா?"

"இல்ல சார். இது... ஊட்டயெல்லாம் அளக்குதா?"

இருவரும் சிரித்துவிட்டார்கள். "ஊட்ட அளக்க ஒரு டேப்பும் ரெண்டு ஆளும் போதாதா? அதுக்கு யாராச்சும் ஹெலிகாப்டர் ஓட்டுவாங்களா?" என்றார் அவர். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, பொறுமையாகச் சொன்னார். கோபுரத்தில் கம்பியைத் தாங்கும் பீங்கான் எங்காவது விரிசல் விட்டிருக்கிறதா, கம்பி எங்காவது சூடாகிறதா என்று கேமராவில் படம் எடுக்கிறார்களாம். மீஞ்சூர்ப் பக்கம் போன வாரமே முடித்துவிட்டார்களாம்.

அப்படியே திரும்பி வந்தேன். என் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. நேராக அக்காவிடம் போய், நடந்ததைச் சொன்னேன். என் வாழ்நாளில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். அவர் கையில் இருந்த குச்சியைக் கீழே வைத்தார்.

"வருசத்துக்கு ஒரு தபாதான் வாயத் தொறக்குற. அதயும் என் ஊட்டுக்குத்தான் தொறந்தியா தம்பி?"

அவர் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு மேஸ்திரியைத் தேடிப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

மேஸ்திரியிடம் தகடும் இல்லை, ஆளும் இல்லை. கையிலிருக்கும் வேலை முடிந்துதான் வர முடியும் என்றார். இரண்டு வாரம் போயிற்று. அதற்குப் பிறகும் ஆள் போதவில்லை என்றார். நான் தொழிற்சாலையில் ஒவ்வொருவராகப் போய்க் கேட்டேன். இவனா பேசுகிறான் என்று பார்த்தார்கள். ஆறு பேர் வந்தார்கள். மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, வார லீவு நாளில், கலவைச் சட்டி தூக்கித் தளம் போட்டு முடித்தோம்.

ஆனால் அதற்கு ஐந்து நாள் முன்பே குழந்தை பிறந்துவிட்டது. ஆண் குழந்தை. முட்டுப் பிரிக்காத வீட்டுக்குப் பச்சைக் குழந்தையைக் கொண்டுவர முடியாதே. மகள் மணவாள நகரிலேயே இருந்தாள். அக்கா விடியற்காலையில் பத்தியச் சமையலை அடுக்குப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு, செங்குன்றத்தில் பஸ் மாறிப் போவார். பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவார். ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் என்னைப் பார்த்தபோது அவராகவே சொன்னார்.

"சம்மந்தியம்மா நல்லவங்கதான் தம்பி. ஆனா அவங்க ஊட்ல போயி, எம் பொண்ணுக்கு நான் வெந்நி வெக்க முடியுமா, சொல்லு. விருந்தாளியாட்டம் குந்திக்கினு வரேன்."

என்னைக் குத்திக் காட்டச் சொல்லவில்லை. மனதில் இருந்ததைச் சொன்னார். எனக்குத்தான் அவர் முன்னால் நிற்க முடியவில்லை.

முட்டுப் பிரித்து, பூச்சு வேலையும் முடிந்து, மூன்றாம் மாதம்தான் மகள் குழந்தையோடு வந்தாள். அக்காவே குழந்தையைத் தூக்கி வந்து என் மடியில் கொடுத்தார். இன்றுவரை எங்கள் இரு வீட்டுக்கும் ஒரு மனத்தாங்கலும் இல்லை. ஆனாலும், 'எனக்குத் தெரியாது' என்ற இரண்டு வார்த்தையைச் சொல்ல நான் வெட்கப்பட்டதால், ஒரு தாய் தன் மகளுக்குச் சொந்த வீட்டில் வைத்து வெந்நீர் ஊற்றியிருக்க வேண்டிய நாட்கள் போய்விட்டன. எத்தனை சட்டி கலவை தூக்கினாலும் அந்த நாட்களை நான் அவருக்குத் திருப்பித் தர முடியாது.