நகராத புள்ளி

லிப்ட் மெக்கானிக்குக்கு வலது கண் போய்ப் பல வருடமாகிறது. இடது கண்ணும் ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டு வந்தது. இன்னும் எத்தனை நாள் என்று டாக்டர் சொல்லவில்லை. கம்பெனி முந்திக்கொண்டது. லிப்ட் குழிக்குள் இறங்க வேண்டாம், ஸ்டோரில் உட்கார்ந்து போல்ட் எடுத்துக்கொடுத்தால் போதும் என்றார்கள்.

அவருக்கு ஒரு ஆசைதான் மிச்சம். திடீரென்று வெடித்துப் பிரகாசமாகும் நட்சத்திரம் ஒன்றை, ஒரு நோவாவை, கண் இருக்கும்போதே உலகத்தில் முதல் ஆளாகப் பார்த்துவிட வேண்டும். தெளிவான மாலைகளில் மொட்டைமாடியில் கேமராவை நிறுத்தி வானத்தின் ஒரே துண்டைப் படமெடுப்பார். பழைய படத்தையும் புதியதையும் கம்ப்யூட்டரில் மாற்றி மாற்றிக் காட்டினால், புதிதாக வந்தது மட்டும் கண் சிமிட்டும்.

"என்னைப் பாத்து ஒருநாளாவது இப்படிச் சிமிட்டியிருப்பீங்களா?" என்பாள் மனைவி.

அன்று ஒரு புள்ளி சிமிட்டியது. நட்சத்திரப் பட்டியலில் அந்த இடம் காலி. மறுநாள் மாலையும் அது அங்கேயே இருந்தது.

மருந்துக்கடைக்காரருக்குப் போன் செய்தார். தொலைநோக்கி வைத்திருக்கும் ஒரே கூட்டாளி. ஒருவருக்கொருவர் எந்தப் பகுதி என்று மட்டும்தான் சொல்வார்கள், எந்த இடம் என்று சொல்ல மாட்டார்கள். சொல்லிவிட்டால் இல்லாததும் கண்ணுக்குத் தெரியும்.

கொஞ்ச நேரத்தில் மருந்துக்கடைக்காரரே கூப்பிட்டார். "இருக்குய்யா! அந்தக் குட்டி முக்கோணத்துக்குக் கீழ."

"அதேதான் அண்ணே."

"சிறுகோள் ஏதாவது அந்தப் பக்கம் வருதான்னு பாத்தியா?"

"சிறுகோள்னா நேத்திக்கும் இன்னிக்கும் நகர்ந்திருக்கணுமே. இது அசையவே இல்ல."

"அதுவும் சரிதான். அனுப்பு, அனுப்பு. வேற எவனாவது முந்திடப் போறான்."

வானியல் மையத்துக்கு அனுப்பினார்கள். முதலில் பார்த்தவர் பெயரைப் பதிவு செய்வார்கள் என்று மனைவியிடம் இரண்டு முறை விளக்கினார். "ஏற்கெனவே சொல்லிட்டீங்க" என்றாள். அவளும் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

மறுநாள் ஸ்டோரில் இருந்தபோது பதில் வந்தது. நெடுங்காலமாகத் தெரிந்த சிறுகோள். திசை திரும்பும் நேரம் என்பதால் நிற்பதுபோல் தோன்றியிருக்கிறது. சிறுகோள் பட்டியலை ஒருமுறை பார்த்திருந்தால் போதும்.

"தெருவோர ஜோசியக்காரனைக் கேட்டிருந்தாக்கூடச் சொல்லியிருப்பான்யா, வக்கிரத்துல கிரகம் நின்னுதான் திரும்பும்னு." மருந்துக்கடைக்காரர் போனில் சிரிக்கப் பார்த்துப் பாதியில் விட்டார். "நானும்தானே தலையாட்டினேன். விடு, அடுத்தது கெடைக்கும்."

"எந்தக் கண்ணால அண்ணே?"

மறுமுனையில் யாரோ இருமல் மருந்து கேட்கும் குரல் வந்தது. அவர் எடுத்துக்கொடுக்கப் போய்விட்டார்.

மழை நாட்கள் கழிந்து வானம் தெளிந்ததும் மெக்கானிக் அதே துண்டைப் படமெடுத்தார். கம்ப்யூட்டர் முன் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு மனைவியைக் கூப்பிட்டார்.

"நகர்ந்திருக்கா, பாரு."

அவள் குனிந்து பார்த்தாள். "ஆமாங்க. நல்லாவே தள்ளிப் போயிருக்கு."

"எங்க?"

"இதோ, இங்க."

அவளுடைய விரல் மட்டும்தான் தெரிந்தது.

"சரி, அணைச்சிடு" என்றார்.