கன்னத்தில் படாத அடி

மேடையில் ஒருவனை அறையும்போது சத்தம் போட வேண்டியது அடிக்கிறவன் கை இல்லை, வாங்குகிறவன் கை. எங்கள் ஆங்கில டீச்சர் முதல் ஒத்திகையிலேயே இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டார். அடிக்கிறவன் கை என் முகத்துக்கு முன்னால் காற்றில் வீசிக்கொண்டு போகும். கூட்டத்துக்கு முதுகு காட்டி நிற்கும் நான் அதே நொடியில் வயிற்றுக்கு முன்னால் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துத் தட்ட வேண்டும், தலையை வெடுக்கென்று திருப்ப வேண்டும். அவ்வளவுதான் வித்தை.

பழைய அமெரிக்க நாடகம் அது. மழை பொய்த்த பண்ணையில் ஓர் அப்பன், வீட்டைவிட்டு ஓடப் பார்க்கும் மகன். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் குருவிகுளத்தில் நடந்த கதை என்றாலும் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். டீச்சர் அதைத் தமிழில் எழுதி, சங்கரன்கோவிலில் எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்குப் போட்டார். அப்பன் வேஷம் என் வகுப்புத் தோழனுக்கு. ஆடித்தபசுத் திருவிழாக் கடையில் வாங்கிய தொப்பியை வைத்தால் ஆள் அசல் துரை. மகன் நான்.

டீச்சர் வெளியூர்க்காரர். எங்கள் இருவர் கையிலும் ஆளுக்கொரு நிறத்தில் இருந்ததை வெறும் கயிறு என்று நினைத்துவிட்டார். அதன் நிறத்தைச் சொன்னால் தெருவைச் சொன்னதாகிவிடும். தெருவைச் சொன்னால் சாதியைச் சொன்னதாகிவிடும். “அமெரிக்காக்காரன் கையில கயிறு கட்டுவானா? கழட்டுங்கப்பா” என்றார். கழற்றினோம். எங்களுக்குள் அந்த எழவு ஒருபோதும் இருந்ததில்லை. ஒரே டிபன் பாக்ஸில் தின்றவர்கள். ஆனால் கயிற்றைக் கழற்றினால் ஊருக்கு மறந்துபோய்விடுமா என்ன?

விழா அன்று மைதானத்தில் இடது பக்கம் எங்கள் தெரு, வலது பக்கம் அவன் தெரு. யாரும் சொல்லி அப்படி உட்காரவில்லை. அறை விழும் காட்சி வந்ததும் நான் தட்டினேன். மைக்செட்காரர் அன்றைக்கென்று சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தார். வேட்டுப் போட்டதுபோல் கேட்டது. எனக்கே பெருமையாக இருந்தது.

“எவம்ல எங்க பையன் மேல கைய வச்சது?”

என் சித்தப்பா மேடையில் ஏறிவிட்டார். பின்னாலேயே எங்கள் தெரு ஆட்கள். அவன் தலைமுடியைப் பிடித்துத் தரையில் இழுத்தார்கள். முகத்தில் மிதித்தார்கள். நான் சித்தப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு, “படல சித்தப்பா! எங் கைதான் சத்தம் போட்டுச்சு!” என்று கத்தினேன்.

“பட்டா என்ன, படாட்டா என்ன? ஊரே பாத்திருக்குல்லா?” என்று என்னை உதறினார். இரும்பு நாற்காலியை மடக்கி, முகத்தை மூடியிருந்த அவனுடைய வலது கையின் மேல் இறக்கினார். எலும்பு முறிந்த சத்தம் கேட்க மைக் தேவைப்படவில்லை. அதற்குள் வலது பக்கத்திலிருந்து கல் பறந்து வந்தது. சின்ன வகுப்புப் பிள்ளைகள் நாற்காலிகளுக்கு அடியில் கிடந்து அலறினார்கள்.

அடித்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அடிபட்டவனுக்குத்தான் டி.சி. கொடுக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் எங்கள் தெருவிலிருந்து ஒரு பிள்ளையும் பள்ளிக்கு வராது என்று பெரிய மனிதர்கள் தலைமையாசிரியரிடம் வந்து நின்றார்கள். பிளஸ் டூ பரீட்சைக்கு முன்னால் டி.சி. கொடுத்தால் அவன் படிப்பு அதோடு போயிற்று. என்ன நியாயம் பாருங்கள்! அத்தனை பேரையும் வெட்டிப் போட்டால் என்ன என்று எனக்கு வந்தது.

தலைமையாசிரியர் ஒரு வழி கண்டுபிடித்தார். இரண்டு தரப்பையும் தன் ரூமுக்குக் கூப்பிட்டு, “அன்னைக்குச் செஞ்சத அப்படியே செஞ்சு காட்டுங்கப்பா. படலன்னு எல்லாரும் கண்ணால பாத்துட்டா டி.சி. பேச்சே கிடையாது” என்றார். சித்தப்பாவும் வேண்டாவெறுப்பாகத் தலையாட்டினார்.

“சார், அவனுக்கு வலது கை கட்டுல இருக்கு” என்றார் டீச்சர்.

“இடது கையால செய்யட்டும்.”

நான் உள்ளங்கைகளை விரித்துத் தயாராக நின்றேன். சரியாகத் தட்டிவிட்டால் அவனைக் காப்பாற்றிவிடலாம் என்று எல்லாச் சாமிகளையும் வேண்டிக்கொண்டேன். அவன் என்னைப் பார்த்தான். என் தோளுக்குப் பின்னால் நின்ற சித்தப்பாவைப் பார்த்தான். பிறகு கையை ஓங்கினான்.

கண்ணில் பூச்சி பறந்தது. காது அடைத்துக்கொண்டது. உள்கன்னத்தில் பல் குத்தி வாய் உப்புக் கரித்தது. நான் கையைத் தட்டவே இல்லை.

“பட்டுச்சாப்பா?” என்றார் தலைமையாசிரியர்.

ஐந்து விரலும் என் கன்னத்தில் பதிந்திருக்கும். “படல சார்” என்றேன். சித்தப்பா என்னைக் கொன்றுவிடுவதுபோல் பார்த்தார். ரத்தத்தை விழுங்கிக்கொண்டு, “சத்தியமா படல” என்று இன்னொரு தரம் சொன்னேன்.

“பட்டுச்சு சார்” என்றான் அவன். “படணும்னுதான் அடிச்சேன். டி.சி.ய குடுங்க.”