ஹாலிதா ரீச்சர் தெரிந்தெடுத்த மாலை வகுப்பு

ஹாலிதா ரீச்சரைப் பற்றி எங்கள் ஊர் தண்ணீரூற்றில் யாரிடம் கேட்டாலும் நல்லதைத்தான் சொல்லுவார்கள். சொல்லட்டும், கெட்ட மனுசி இல்லைத்தான். வர்த்தகம் படித்துப் பட்டம் எடுத்த மனுசியை, கணித ஆசிரியர் இல்லை என்று பிடித்துப் பதினோராம் ஆண்டுக்குக் கணிதம் படிப்பிக்க விட்டார்கள். இது என்ர பாடம் இல்லை என்று அவா ஒருநாளும் முகத்தைச் சுளித்தது கிடையாது. தான் முதலில் வீட்டில் இருந்து படித்து, பிறகு பிள்ளைகளுக்குப் படிப்பித்தா. வருசக்கணக்காக இதே பாடு. களைத்துப் போனா. பிறகு நடந்த வெக்கக்கேடு அந்தக் களைப்பில்தான் தொடங்கினது என்று நாங்கள் சொல்லலாம். அவா அதைச் சாட்டாகச் சொல்லமாட்டா, அந்த அளவுக்கு நேர்மை இருக்கு.

கனடாவில் இருக்கிற பழைய மாணவர் சங்கம் ஒருநாள் அதிபருக்குக் கோல் எடுத்தது. யாழ்ப்பாணத்தில் பேர்போன கணித ஆசிரியர் ஒருவருடைய பாடத்தை ஓ.எல் சோதனை எடுக்கிற பிள்ளைகளுக்குப் பின்னேரத்தில் தர ஏற்பாடு செய்கிறோம், எந்த முறையில் வேணுமென்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கோ என்றார்கள். முறை இரண்டு. ஒன்று ஆப். பிள்ளை வீட்டில் இருந்து போனைத் திறந்தால் ஆசிரியர் நேரே வருவார், வந்த பிள்ளையின் பேருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி விழும். மற்றது பெட்டி. பாடமெல்லாம் அதற்குள்ளேயே கிடக்கும், வகுப்பறையில் பெரிய ரீவியில் கொழுவிவிட்டால் இன்டர்நெட்டும் தேவையில்லை. ஆனால் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு ரீச்சர் நிற்கவேணும். விளங்காத இடத்தில் பாடத்தை நிறுத்தவேணும், சொல்லிக் குடுக்கவேணும், ஆறு மணி மட்டும் பள்ளிக்கூடத்தில் கிடக்கவேணும். அந்த ரீச்சர் யார் என்று கேட்கத் தேவையில்லை.

அதிபர் கதிர்காமநாதன் நல்ல மனுசன். முடிவை அவாவிடமே விட்டார்.

"கணிதம் உங்கட கையில ரீச்சர். எது நல்லதோ அதை எடுங்கோ. ஒண்டே ஒண்டு. ஒரு பிள்ளையின்ர வீட்டிலயாவது டச் போன் இல்லையெண்டால் பெட்டிதான். ஒரு பிள்ளையை வெளியில விட்டிட்டு மற்றப் பிள்ளையளுக்குப் படிப்பிக்கேலாது."

"ஓம் சேர், தாய் தகப்பனைக் கூப்பிட்டுக் கேப்பம்" என்றா ஹாலிதா ரீச்சர். வாய்தான் அப்படிச் சொன்னது. மனம் அதற்கு முதலே ஆப்பை எடுத்து வைத்துவிட்டது. இரண்டு மணிக்கு வீட்டுக்குப் போய், குளித்து, தேத்தண்ணியோடு கதிரையில் இருந்து பச்சைப் புள்ளியை எண்ணிக்கொண்டிருக்கலாம். யாருக்குத்தான் ஆசை வராது?

கூட்டத்தில் பிள்ளைகளின் பேரை ஒவ்வொன்றாக வாசித்தா. "இருக்கு ரீச்சர்." "ஓம், இருக்கு." சிலபேர் போனைத் தூக்கியே காட்டினார்கள். மீன் வியாபாரி சரீப் நானா தன்னிடம் இரண்டு போன் இருப்பதாகச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தார். சுகமாக முடியப்போகிறது என்று அவா நினைக்க, றஸ்மியாவின் பேர் வந்தது. அந்தப் பிள்ளையின் உம்மா முனவ்வறா எழும்பினா.

"எங்கட வீட்டில இல்ல ரீச்சர்."

ஹாலிதா ரீச்சருக்குச் சுரீர் என்றது. இல்லையாமே! பஸ் நிலையத்தில் நின்று போனில் தங்கச்சியின் முகத்தைப் பார்த்துப் பார்த்து முனவ்வறா கதைத்ததைத் தன் கண்ணாலேயே கண்டவா.

இந்த 'இல்லை' எங்கே இருந்து வருகிறது என்றும் அவாவுக்குத் தெரியும். தெரியாமல் இருக்குமோ? இரண்டு பேரும், வடக்கில் இருந்து முஸ்லிம் சனத்தைத் துரத்தின காலத்தில், புத்தளத்து முகாமில் பக்கத்துப் பக்கத்துக் கொட்டிலில் வளர்ந்தவர்கள். நிவாரணப் பதிவுக்காரர் வருகிறார்கள் என்றால், ஹாலிதா ராத்தா என்று கூப்பிடுகிற, வயதில் மூத்த முனவ்வறாதான் ஓடிவந்து சின்னவளுக்குச் சொல்லிக் குடுப்பா: "என்ன கேட்டாலும் இல்லையெண்டு சொல்லு. இருக்கெண்டா ஒண்டும் தரமாட்டாங்கள்." றேடியோவைச் சீலைக்குள் சுத்தி ஒளித்துவிட்டு இரண்டும் அப்பாவி முகத்தோடு நிற்கும். முஸ்லிம் சனம் மட்டும் என்று நினைக்கவேண்டாம். சண்டை முடிந்து வன்னியில் செட்டிகுளத்து முகாமில் இருந்து வந்த தமிழ்ச் சனமும் அப்படித்தான், பேனையும் தாளுமாக ஒருவர் வந்தால் முதலில் வாயில் வருவது இல்லை என்ற சொல்தான். இல்லையென்று சொன்னவர்களுக்குத்தான் தகரம் கிடைத்தது, கிணறு கிடைத்தது. பிறகு ஏன் இருக்கு என்று சொல்லப் போகிறார்கள்?

போன் இல்லாத ஆக்களுக்குச் சும்மா டப்லெட் குடுக்கப் போறாங்கள் எண்டு நினைச்சிட்டா, ஆசையைப் பாரன், என்று ஹாலிதா ரீச்சர் உள்ளுக்குள் பொரிந்தா. இந்த ஒரு பொய்யால் பெட்டி வந்து தன் தலையில் விழப்போகிறதே என்ற எரிச்சலும் சேர்ந்துகொண்டது. உண்மையைச் சொன்னால் அந்த எரிச்சல்தான் கூட.

"கொஞ்சம் பொறுங்கோ" என்று சொல்லித் தன் போனை எடுத்து முனவ்வறாவின் நம்பரை அடித்தா.

முனவ்வறாவின் கைப்பைக்குள் இருந்து ஒரு குழந்தை கிளுகிளு என்று சிரிக்கத் தொடங்கியது. சில போன்களில் அப்படி ஒரு ரிங்ரோன் இருக்கல்லவா, அதுதான். மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது.

"இல்லாத போன் சிரிக்குது பாருங்கோ!" என்றார் சரீப் நானா.

முனவ்வறா பையை வயிற்றோடு சேர்த்து அமுக்கினா. பையின் சிப் இறுகிவிட்டது போல, திறக்க வரவில்லை. குழந்தை சிரித்துக்கொண்டே இருந்தது. பிள்ளைகளோடு பின்னால் நின்ற றஸ்மியா தலையைக் குனிந்துகொண்டாள். ஹாலிதா ரீச்சர் நினைத்திருந்தால் கோலை அப்போதே வெட்டியிருக்கலாம். வெட்டவில்லை. அந்த மனுசி தன் வாயால் சொல்லும்வரைக்கும் அடிக்க விட்டா.

"இருக்கு ரீச்சர்" என்றா முனவ்வறா.

"அப்ப எல்லாற்ற வீட்டிலயும் இருக்கு. ஆப்பையே எடுப்பம்."

ஆப் வந்தது. என்ன சொன்னாலும் நல்ல ஆப்தான். பின்னேரமானால் பச்சைப் புள்ளிகள் வரிசையாக விழும், கனடாவில் எல்லாருக்கும் சந்தோசம், புளுகம். ஹாலிதா ரீச்சர் வீட்டுக் கதிரையில் தேத்தண்ணி ஆறமுதல் குடித்தா. றஸ்மியாவின் புள்ளி ஒருநாளும் தவறினதில்லை. பார்த்தியோ, போனும் இருக்கு, கவரேஜும் இருக்கு, பிள்ளையும் ஒழுங்காய் வருது, எதுக்கு அண்டைக்கு அந்த நாடகம் என்று மனதுக்குள் ஒரு குத்தலும் குத்திப் பார்த்தா.

தவணைச் சோதனை வந்தது. றஸ்மியாவின் தாளில் பாதி வெறுமையாக இருந்தது. முந்தி நடுவாந்தரமாகவாவது எழுதிற பிள்ளை. தினமும் பச்சைப் புள்ளி விழ, தாள் வெறுமையாகக் கிடந்தால் யாருக்குக் கோபம் வராது? உம்மாக்காரியைப் பிடித்து இரண்டு கதை கேட்டுவிட்டுத்தான் வாறது என்று, வகுப்பு நடக்கிற நேரமாய்ப் பார்த்து ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேரே அந்த வீட்டுக்குப் போனா.

வாசலில் ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர் மோட்டார்சைக்கிளில் நின்று ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தார். முனவ்வறா இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் குடுக்கிறவா, இராச் சாப்பாட்டுக்குப் பின்னேரம்தான் கொண்டுபோவார்கள். குசினிக்குள் சீனி டின்னில் சாத்தி வைத்த போனில் யாழ்ப்பாணத்து ஆசிரியர் முக்கோணம் கீறிக்கொண்டிருந்தார். றஸ்மியா நிலத்தில் குந்தியிருந்து தட்டுத் தட்டாக இடியப்பம் பிழிந்தாள். இரண்டு தட்டுக்கு ஒருக்கால் போனை எட்டிப் பார்த்தாள். போனிலும் மா அப்பிக் கிடந்தது.

ரீச்சரைக் கண்டதும் முனவ்வறா பதறிப்போய்க் கதிரையைத் துடைத்துப் போட்டா. ஹாலிதா ரீச்சர் இருக்கவில்லை.

"ஏன் ராத்தா, அந்த ஒரு மணித்தியாலமாவது பிள்ளையை விடேலாதோ?"

"போ, அந்தாளுக்குக் குடுத்திட்டு வா" என்று மகளை வாசலுக்கு அனுப்பிவிட்டுத்தான் முனவ்வறா வாயைத் திறந்தா.

"ஏலாது ரீச்சர். விடவேணும் எண்டுதான் நினைக்கிறன். அவர் வாசல்ல நிண்டு ஹோர்ன் அடிக்கேக்க, இவள் கண்ணுக்கு முன்னால சும்மா இருக்கேக்க, என்ர வாய் கிடக்காது. றஸ்மியா, இந்தத் தட்டை மட்டும் பிழிஞ்சு தா எண்டு கூப்பிட்டிடுவன். பிறகு முழுக்க அவள்தான். மூத்தவளையும் இப்பிடிக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத்தான் ஓ.எல் பெயிலாக்கினனான். அதாலதான் அண்டைக்குப் போன் இல்லையெண்டனான். ஒராளுக்கு இல்லாட்டியும் பள்ளிக்கூடத்தில வச்சுத்தான் வகுப்பு எண்டு சேர் சொன்னதாய்ப் பிள்ளை சொன்னாள். அங்க இருந்தால் நான் கூப்பிட்டாலும் அவளுக்குக் கேக்காது."

"இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே!"

"எப்பிடிச் சொல்லுறது? அவ்வளவு சனத்துக்கு முன்னால எழும்பி, என்ர பிள்ளையின்ர படிப்பை நான்தான் கெடுக்கிறன் எண்டோ?" முனவ்வறா கையில் ஒட்டியிருந்த மாவைத் தேய்த்துக்கொண்டு நின்றா. "பொய் சொன்னது பிழைதான் ரீச்சர். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

சீ! அந்த மனுசி மன்னிப்புக் கேட்கிறா! அறைந்திருந்தால்கூட ஹாலிதா ரீச்சர் தாங்கியிருப்பா. வெக்கத்தில் உடம்பு கூசினது, எங்கே பார்க்கிறது என்று தெரியவில்லை. டப்லெட்டுக்கு ஆசைப்பட்டுச் சொன்ன பொய் என்றல்லவா நினைத்தா! மகளுக்கு ஒரு மணித்தியாலம் கிடைக்க அவளுடைய உம்மாவுக்கு இருந்த ஒரே வழியை, ஊர் சிரிக்கச் சிரிக்க அடைத்துவிட்டல்லவா வந்தா!

"என்னில பிழை ராத்தா" என்றா. "பெட்டி வந்தால் நான் ஆறு மணி மட்டும் நிக்கவேணும். அந்தப் பஞ்சியில, சோம்பலிலதான் ஆப்பை எடுத்தனான். பிள்ளையளை யோசிச்சு இல்லை. அடுத்த கூட்டத்தில எல்லாருக்கும் முன்னால இதைச் சொல்லுவன். உங்களைச் சிரிக்க வச்சதும் பிழையெண்டு சொல்லுவன். அல்லாஹ் மேல ஆணையாய்ச் சொல்லுவன்."

முனவ்வறா தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ என்று மட்டும் சொன்னா.

அடுத்த கூட்டத்துக்கு ஹாலிதா ரீச்சர் கண்ணாடிக்கு முன்னால் நின்று சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வந்தா. நான் என்ர வசதிக்காகத்தான் ஆப்பைத் தெரிந்தெடுத்தனான். எவ்வளவு சின்ன வசனம்! எழும்பி முன்னுக்கு வந்தா. அதிபர் இருக்கிறார், சக ரீச்சர்மார் இருக்கினம், கனடாக்காரர் ஒருவர் மேசையில் வைத்த போனுக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். மூன்றாம் வரிசையில் முனவ்வறா.

"அண்டைக்கு நான்..." என்று தொடங்கினா. பிறகு அந்த வாய் என்ன சொன்னது தெரியுமோ?

"அண்டைக்கு நான் கவரேஜைப் பற்றி யோசிக்கேல்லை. சில வீடுகளில கவரேஜ் காணாது, பிள்ளையள் கஷ்டப்படுகினம். பெட்டிக்கே மாறுவம். நான் ஆறு மணி மட்டும் நிண்டு படிப்பிக்கிறன்."

கைதட்டினார்கள். அதிபர் எழும்பி, தன் நேரத்தையே பிள்ளைகளுக்குத் தருகிற ஆசிரியர் என்று புகழ்ந்தார். போனுக்குள் இருந்த கனடாக்காரரும் கைதட்டினார். ஹாலிதா ரீச்சருக்குக் காது இரண்டும் எரிந்தது. இப்பவாவது சொல்லு, இப்பவாவது சொல்லு என்று நெஞ்சு அடித்தது, அவா கைதட்டினவர்களுக்குத் தலையை ஆட்டினா.

சரீப் நானாதான் எழும்பினார். குறும்புக்காரர் என்றாலும் மடையன் இல்லை.

"ஏன் ரீச்சர், போன் ரவர் எங்கட ஊருக்குள்ளதானே நிக்குது? கவரேஜ் இல்லாத வீடு எது?"

மண்டபம் அவாவைப் பார்த்தது. அப்படி ஒரு வீடு இருந்தால்தானே சொல்ல? அதிபரும் புருவத்தை உயர்த்திக்கொண்டு திரும்பினார்.

"எங்கட வீட்டில இல்ல."

மூன்றாம் வரிசையில் முனவ்வறா எழும்பி நின்றா.

"கோல் வரும், படம் வராது. அப்பிடியே நிண்டிடும். நான்தான் ரீச்சருக்குச் சொன்னனான்."

"ஆ, உங்கட வீட்டிலயோ" என்று சரீப் நானா இழுத்தார். எங்கேயோ ஒருவர் சிரித்தார். பிறகு இரண்டு மூன்று பேர். இந்த மனுசிக்கு இதே வேலைதான் என்று ஒரு குரல் பின்னுக்கிருந்து கேட்டது. முனவ்வறா தலையைக் குனியவில்லை. சிரித்து முடியும்வரைக்கும் ரீச்சரையே பார்த்துக்கொண்டு நின்றா.

அதிபர் கேட்டார்: "அப்பிடியோ ரீச்சர்?"

"ஓம் சேர்" என்றா ஹாலிதா ரீச்சர்.

பெட்டி வந்து, வகுப்பும் ஒழுங்காக நடக்கிறது. ஹாலிதா ரீச்சர் ஆறு மணி மட்டும் நிற்கிறா, ஒருநாளும் பிந்துவதில்லை, முந்திப் போவதுமில்லை. ஊரில் அவாவின் பேர் இன்னும் கூடிவிட்டது. றஸ்மியா முன்வாங்கில்தான் இருக்கிறாள். விளங்காவிட்டால் "ரீச்சர்" என்று மரியாதையாய்க் கூப்பிடுவாள். அவா பாடத்தை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் போய், முகத்தைப் பார்க்காமல் கொப்பியை மட்டும் பார்த்துச் சொல்லிக் குடுக்கிறா. அவர்கள் வீட்டில் கவரேஜ் எப்படி என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும்.