இல்லாத வைனுக்கு லேபிள்

பண்டாரவளையில் ஓர் அச்சகத்தில் மூன்று வருடம் கல்யாணக் கார்டு அடித்தேன். அது போதுமென்று வேலையை விட்டுவிட்டு, வீட்டிலிருந்தே இணையம் வழியாக வடிவமைப்பு வேலை பிடிக்கலாமென்று மடுல்சீமையில் எங்கள் தேயிலைத் தோட்ட லயத்து வீட்டுக்குத் திரும்பினேன். வேலை தருகிறவர்கள் முதலில் மாதிரிகளைக் கேட்டார்கள். என்னிடம் இருந்தவை ரோஜாப்பூவும் ஜோடிப் புறாவும்தான்.

வைன் லேபிள் செய்து காட்டினால் கையின் நேர்த்தி தெரியும் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். நான் வைன் குடித்ததில்லை. மாதா கோயிலில் நற்கருணைக் கிண்ணத்தைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. இருந்தும் மூன்று வைன்களுக்குப் பெயர் வைத்து, மலையும் பனியும் வரைந்து லேபிள் செய்தேன். ஹோட்டல் சமையலறையில் வேலை செய்யும் தோழி வெறும் போத்தல்கள் கொடுத்தாள்.

அம்மா கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தபோது அவை ஜன்னலோரம் வரிசையாக நின்றன. அப்பாவைக் குடியால் இழந்தவள். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னாடி இது?"

"வெறும் போத்தல்மா. மேல ஒட்டியிருக்குற பேப்பருதான் என் வேலை."

"லயத்துல ஒவ்வொருத்தருக்கும் நான் போயி இதச் சொல்லிக்கிட்டு இருக்கணுமா?"

அவசரமாகப் படமெடுத்துவிட்டு, போத்தல்களைச் சாக்கில் கட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளினேன்.

படங்களை முகநூலில் போட்ட மூன்றாம் நாள் ஓர் அழைப்பு வந்தது. எல்ல நகரப் பக்கம் விருந்தினர் விடுதி நடத்துகிறவராம்.

"தங்கச்சி, அந்த சிவப்பு வைன் ஒரு பெட்டி அனுப்ப ஏலுமா? வெள்ளைக்காரங்க இந்த ஊரு சரக்கு கேக்குறாங்க."

"வைன் இல்லைங்க. லேபிள் மட்டுந்தான் நான் செஞ்சது."

"அப்ப உள்ள இருக்குறது?"

"உள்ள ஒண்ணும் இல்லைங்க. உங்க விடுதிக்கு மெனு கார்டு வேணும்னா செஞ்சு தாறேன்."

"அதெல்லாம் இருக்கு" என்று வைத்துவிட்டார்.

அதன்பிறகும் நாலைந்து பேர் வைன்தான் கேட்டார்கள். லேபிள் அழகு என்று ஒருவரும் சொல்லவில்லை. கடைசியில் ஒவ்வொரு படத்தின் கீழும் 'கற்பனைத் தயாரிப்பு' என்று எழுதினேன். அழைப்புகள் அடியோடு நின்றன. நான் விண்ணப்பித்திருந்த வெளிநாட்டு நிறுவனமும் இரண்டே வரியில் பதில் எழுதியது: கடையில் விற்கும் பொருளுக்குச் செய்த லேபிள் இருந்தால் அனுப்பவும்.

அன்று மடிக்கணினியை மூடிவிட்டு ஆத்திரத்தில் அழுதேன். வேலை கிடைக்க மாதிரி வேண்டும், மாதிரிக்கு வேலை வேண்டும். இதை யாரிடம் போய்ச் சண்டை பிடிப்பது?

மறுநாள் பஸ்ஸேறி, பண்டாரவளையில் நான் 'நானா' என்று கூப்பிடும் மளிகைக்கடை முஸ்லிம் அண்ணனிடம், விற்கிற பொருள் எதற்காவது லேபிள் வேண்டுமா என்று கேட்டேன். அவருடைய மனைவி வீட்டில் செய்து, அவர் போத்தலில் விற்கும் மிளகாய்ச் சம்பலுக்கு லேபிள் வேண்டுமென்றார். நான் வெள்ளைத் தாளில் ஒற்றை மிளகாய் வரைந்து காட்டினேன்.

"இதென்ன மகள், நோயாளி மாதிரி இருக்கு? நல்லா செவப்பா, பெருசா போடுங்க. ஒரு அஞ்சாறு மிளகா வைங்க."

ஏழு மிளகாய் வைத்தேன். பின்னால் தீப்பிழம்பும் கேட்டார், வைத்தேன். இப்போது என் மாதிரிகளில் முதலில் நிற்பது அதுதான். அதைப் பார்த்துத்தான் முதல் வேலையும் கிடைத்தது, ஓர் ஊறுகாய்க் கம்பனியிடமிருந்து. மூன்று வாரம் உயிரைக் கொடுத்துச் செய்த வைன் லேபிள்கள் கடைசிப் பக்கத்தில் கிடக்கின்றன. அந்தத் தீப்பிழம்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்னமும் எரிச்சல்தான் வருகிறது.