பேர் எனக்கு, தெரு உனக்கு

என் தங்கச்சி கல்பனா ஜெயித்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். புருஷன் முத்துப்பாண்டி மஞ்சள் காமாலையில் போனபோது, கேபிள் லைனை விற்றுவிட்டு பேண்டேஜ் கம்பெனிக்கு வேலைக்குப் போகச் சொன்னார்கள். அவள் சேலைக்கு மேல் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு ஏணி ஏறினாள். பொம்பளை மொட்டைமாடியில் நடக்கக்கூடாது என்று சொன்ன வீட்டிலேயே மாடிச் சாவியைக் கேட்டு வாங்கினாள். குரங்கு கடித்த வயரையும் இடி விழுந்து கருகிய பெட்டியையும் தானே மாற்றினாள். குடை டிஷ் வந்து ஸ்ரீவில்லிபுத்தூர் முழுக்க கேபிளை அறுத்துப் போட்டபோதும் அவளுடைய நான்கு தெருவில் யாரும் அறுக்கவில்லை. அந்தத் தெருக்களை வைத்தே மகள் கார்த்திகாவை நர்சிங் படிப்பில் சேர்த்தாள்.

அவளிடம் இல்லாதது பேர் மட்டும்தான். கேபிள் நடத்துகிறவர் வருடாவருடம் தபால் ஆபீசில் தன் பேரைப் பதிய வேண்டும். அதுவரை முத்துப்பாண்டி பேரில் இருந்தது. அவர் காரியம் முடிந்த வாரம் விஜயபாண்டி அண்ணாச்சி வந்தார். இராஜபாளையத்தில் கண்ட்ரோல் ரூம் வைத்திருப்பவர். சேனல்கள் எல்லாம் அங்கே இறங்கித்தான் எங்கள் தெருவுக்கு வரும். முத்துப்பாண்டிக்குக் கூட்டாளி, பாடைக்குத் தோள் கொடுத்தவர்.

"நீ எதுக்கு தாயி ஆபீஸ் ஆபீஸா அலையணும்? பதிவு என் பேர்ல கிடக்கட்டும். பேர் எனக்கு, தெரு உனக்கு" என்றார்.

"வெறும் வாய்ச்சொல்லா அண்ணாச்சி?" என்று நான் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. எங்கள் இரண்டு பேரையும் அய்யனார் கோவிலுக்குக் கூட்டிப்போய், சூடத்தை ஏற்றி, உள்ளங்கையால் அடித்து அணைத்தார். சூடம் அணைத்துச் சத்தியம் செய்தவரிடம் எங்கள் பக்கத்தில் பத்திரம் கேட்பது மரியாதை இல்லை. நாங்களும் கேட்கவில்லை. அன்றிலிருந்து வீட்டுக்கு வீடு கேபிள் பணம் வரவு வைக்கும் அட்டைகளில் கல்பனா மாதாமாதம் 'வி.பா.' என்றே கையெழுத்துப் போட்டு வந்தாள். பேர் அவருடையதல்லவா.

அந்த வருடம் ஆடி பிறக்கும் முன்னால் தமிழ்ச் சேனல்களில் கீழே எழுத்து ஓடத் தொடங்கியது. எச்.டி.க்கு மாறுகிறோம், ஒளிபரப்பு எம்பெக்-4 என்ற புது முறைக்குப் போகிறது, பழைய செட்டாப் பெட்டியில் படம் தெரியாது என்று. கல்பனா உடனே போன் போட்டாள்.

"அண்ணாச்சி, நம்ம வீடுகள்ல இருக்கது அம்புட்டும் பழைய பெட்டி. புதுசு வந்தா அதுல படம் விழாதே?"

"நம்ம ரூம்ல தீபாவளிக்குப் பொறவுதான் மாத்துதேன் தாயி. அதுக்குள்ள ஒனக்குப் பெட்டி வந்துரும். தெருவுல வாயைத் தொறந்துராத. பயந்துபோயி குடை மாட்டிருவாக."

அவள் வாயைத் திறக்கவில்லை.

ஆடிப்பூரத் தேர் அன்று, நடக்க முடியாதவர்கள் எல்லாம் காலையிலேயே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். தேர் நிலையை விட்டு அசைகிற நேரத்தில் படம் போய்விட்டது. சத்தம் மட்டும் வந்தது. நான்கு தெருவிலும் கறுப்புத் திரைக்குள்ளிருந்து "கோவிந்தா, கோபாலா" என்று கேட்டது. இடுப்பு முறிந்து படுத்திருந்த காஞ்சனா மாமி உள்ளே இருந்தபடியே சத்தம் போட்டார்: "ஏண்டி கல்பனா, ஆண்டாளைக் காதால சேவிக்கச் சொல்றியா?"

முந்தின நாள் மழை. வயர் முனையில் ஈரம் இறங்கியிருக்கும் என்று கல்பனா ஏணியைத் தூக்கினாள். மாடியில் முனையைக் கழற்றிப் பார்த்தாள். காய்ந்துதான் இருந்தது. ஈரமென்றால் படத்தோடு சத்தமும் உடைந்திருக்கும் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. நிமிர்ந்தவள் தெருமுனையில் லோடு ஆட்டோவைப் பார்த்தாள். விஜயபாண்டியின் ஆட்கள் எச்.டி. பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். தீபாவளிக்குப் பிறகு என்றவர் அன்றைக்கே ரூமில் மாற்றிவிட்டிருந்தார். வீட்டுக்கு வீடு ஒரே பேச்சு: "கல்பனாக்காவுக்குப் புதுசு ஒண்ணும் தெரியாது. இனி எதுன்னாலும் எங்களைக் கூப்பிடுங்க."

பெட்டி எந்த ஆபரேட்டர் பேரில் ஏறுகிறதோ, வீடு அவருக்கு. சாயங்காலத்துக்குள் தெருக்கள் கைமாறிவிட்டன. பாலம்மாள் பிரசவத்துக்குப் போயிருந்தபோது அவள் வீட்டுக்கே காவல் படுத்தவள் கல்பனா. அந்தப் பாலம்மாளும் புதுப்பெட்டி முன்னால் உட்கார்ந்து, "ஒனக்காக இருட்டைப் பாத்துக்கிட்டா இருக்க முடியும்?" என்றாள்.

மறுநாள் நானும் அவளுமாக கண்ட்ரோல் ரூமுக்குப் போனோம். கல்பனா சண்டை போடவில்லை.

"அய்யனார் கோவிலுக்கு வாங்க அண்ணாச்சி. திரும்ப ஒருக்க சூடத்தை அணைச்சு, தெரு எனக்குத்தான்னு சொல்லுங்க. நான் வயரைச் சுருட்டிட்டுப் போயிருதேன்."

விஜயபாண்டி ரிமோட்டைத் திருப்பிப் பார்த்தபடி இருந்தார்.

"அந்தச் சத்தியம் பழைய பெட்டிக்கு. இப்ப ஓடுறது புதுப் பெட்டி. அய்யனாருக்கு அது தெரியும்."

"சாமிக்கே எச்.டி. மாட்டியாச்சுக்கா" என்றான் ஆட்களில் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சூடத்தை அணைத்த அந்தக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வீட்டுக்கு வந்ததும் கல்பனா படுத்துக்கொண்டாள்.

காஞ்சனா மாமி வீட்டில் மட்டும் புதுப்பெட்டி ஏறவில்லை. கொண்டுவந்தவனை, "தேரன்னிக்கு ஆண்டாளை மறைச்சவன் பொட்டி எனக்கு வேண்டாம்" என்று அனுப்பிவிட்டாராம். அதைக் கேட்டபிறகுதான் கல்பனா எழுந்தாள். இராஜபாளையத்திலேயே இன்னொரு கண்ட்ரோல் ரூம் நடத்தும் இம்மானுவேலைப் போய்ப் பார்த்தாள்.

"ஒரு வீடுன்னாலும் லைன் தாரேன். ஆனா பதிவு ஒங்க பேர்ல இருக்கணும். சத்தியம் கித்தியம்னு எங்கிட்ட வரக்கூடாது" என்றார் அவர்.

தபால் ஆபீசுக்கு நானும் துணைக்குப் போனேன். கையெழுத்துப் போடும் இடத்தை குமாஸ்தா காட்டினார். பழக்கத்தில் கல்பனாவின் கை 'வி' என்று இழுத்துவிட்டது. அப்படியே நிறுத்தினாள். வேறு தாள் கேட்டாள். கேபிள் தொழிலில் அவள் முதன்முதலாகத் தன் பேரை எழுதினாள், கல்பனா என்று. கீழே தேதியும் போட்டாள்: 21-8-2023, திங்கட்கிழமை.