மைனாவின் இடது முன்னங்கால்

போன மாதம் என் அக்கா மகள் என்னைக் காஞ்சிபுரத்தில் ஒரு பியூட்டி பார்லருக்கு இழுத்துக்கொண்டு போனாள். வீட்டில் கல்யாணம், வெடித்த குதிகாலோடு நீ வந்து நின்றால் என் மானம் போகும் என்றாள். அங்கே ஒரு பெண் குட்டை முக்காலியில் உட்கார்ந்து, என் காலைத் தூக்கித் தன் தொடைமேல் வைத்து, அரத்தால் ராவத் தொடங்கினாள். வெள்ளை வெள்ளையாகத் தூள் உதிர்ந்தது. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கூசுகிறதா மேடம் என்று கேட்டாள். குதிரைக்கு லாடம் அடிக்கும் ஞாபகம் வந்துவிட்டது என்று அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? உங்களிடம் சொல்லலாம்.

உத்திரமேரூர் கால்நடை மருந்தகத்தில்தான் எனக்கு முதல் வேலை. டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் வருவார். மற்ற நாள்களில் உதவியாளராகிய நான் மட்டும். ஊரார் என்னை டாக்டரம்மா என்பார்கள். நான் டாக்டர் இல்லை என்று சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைப்பேன். கேட்கச் சுகமாக இருந்ததால் நாளைக்குத் தள்ளிப்போடுவேன். மாடு தெரியும், ஆடு தெரியும், கோழிக்கு ஊசி போடத் தெரியும். குதிரை மட்டும் பயிற்சிப் புத்தகத்தின் கடைசியில் இரண்டு பக்கம் இருந்தது. பரீட்சைக்கு வராது என்று விட்டுவிட்டேன்.

பரீட்சைக்கு வராதது பஸ் ஸ்டாண்டில் இருந்தது. அங்கே ஏழெட்டுக் குதிரை வண்டிகள் சவாரிக்கு நிற்கும். அதில் ஒரு வண்டிக்காரரான யூசுப் பாய் ஒருநாள் தன் பெண் குதிரை மைனாவைக் கையில் பிடித்துக்கொண்டு மருந்தகத்துக்கு வந்தார். இடது முன்னங்காலை ஊன்றும்போதெல்லாம் அது தலையைத் தூக்கியது.

“நொண்டிக்கினு கீது டாக்டரம்மா. இன்னான்னு பாருங்க.”

மேலிருந்து தடவிக்கொண்டே வந்தேன். முழங்காலோடு நிறுத்திக்கொண்டேன். குளம்பைத் தொட்டால் உதைக்குமோ என்று பயம். தோளில் சூடு தெரிந்தது. வெயிலில் நடந்து வந்த குதிரையை எங்கே தொட்டாலும் சுடும் என்பது அப்போது உறைக்கவில்லை. தோள் சுளுக்கு என்று சொல்லித் தைலம் கொடுத்தேன். பாய் மூன்று நாள் தேய்த்தார். தோள் பளபளவென்று ஆனது. நொண்டல் அதிகமானது.

நாலாம் நாள் ஸ்டாண்டில் யாரோ அவரிடம், லாடத்து ஆணி சதையில் ஏறியிருக்கும் என்று சொல்லிவிட்டார்கள். பத்து நாளுக்கு முன் மைனாவுக்கு லாடம் அடித்தவள் எஸ்தர்.

எஸ்தர் ஏரிக்கரையில் இருந்தாள். அவள் புருஷன்தான் லாடக்காரர். அவர் அடிக்க, இவள் மாட்டையும் குதிரையையும் பிடித்துக்கொள்வாள். அவருக்குக் கை முறிந்து கூடாமல் போனதும், சுத்தியலை இவளே எடுத்துக்கொண்டாள். மாட்டுக்காரர்கள் வந்தார்கள். குதிரைக்காரர்கள் மூன்று மாதம் யோசித்தார்கள். முதலில் துணிந்து வந்தவர் பாய். இந்த நொண்டல் அவள் வேலையால் வந்தது என்றால் இனி ஒரு குதிரையும் அவளிடம் வராது. வீட்டில் சம்பாதிக்கிற கை அது ஒன்றுதான்.

பாய் போய் ஏரிக்கரையில் சத்தம் போட்டார். அவள் சாமான் பையை எடுத்துக்கொண்டு நேராக மருந்தகத்துக்கு வந்தாள்.

“நீயும் வாம்மா. ஸ்டாண்டுலயே வெச்சு லாடத்தக் கயட்டறேன். எல்லாரும் பாக்கட்டும்.”

நல்ல உச்சிவெயில். பஸ்ஸுக்கு நின்றவர்கள்கூட பஸ்ஸை விட்டுவிட்டு வந்து சூழ்ந்துகொண்டார்கள். எஸ்தர் மைனாவின் காலை மடக்கித் தன் இரண்டு தொடைக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள். குறட்டால் ஓர் ஆணியைப் பிடுங்குவாள், வெளிச்சத்தில் பார்ப்பாள், மூக்கருகே கொண்டுபோவாள், கீழே விரித்த சாக்கில் வைப்பாள். நாலு ஆணி, நாலும் காய்ந்தவை. ஐந்தாவதைத் தொட்டதும் மைனா உடம்பை உலுக்கியது. வெளியே வந்த ஆணியின் முனை கறுப்பாக, ஈரமாக இருந்தது.

கூட்டத்துக்கு அவள் முதுகுதான் தெரிந்தது. பக்கத்தில் குந்தியிருந்த எனக்கு மட்டும் ஆணி தெரிந்தது. முந்தானையில் ஒரு துடைப்புத் துடைத்தால் போதும். உண்மையைச் சொன்னால், துடைத்துவிட மாட்டாளா என்று நானும் ஏங்கினேன். தோள் சுளுக்கு என்று நான் தப்பாகச் சொன்னதும் அதோடு மறைந்துவிடும் அல்லவா.

எஸ்தர் எழுந்து ஆணியை எல்லாருக்கும் தெரிகிற மாதிரித் தூக்கிப் பிடித்தாள்.

“ஆணி உள்ள பூந்துக்கினு கீது. நான் அடிச்சதுதான். என் தப்பு.”

பாய் திட்டுவதற்கு வைத்திருந்ததெல்லாம் வீணாகிவிட்டது. அதைப் பார்த்ததும் என் வாய் தானாகப் பேசியது.

“பாய், நானும் தோளுன்னு சொல்லி மூணு நாள வீணாக்கிட்டேன். பயத்துல குளம்பத் தொடவே இல்ல. அப்புறம், நான் டாக்டரும் இல்ல.”

“அது எல்லாருக்கும் தெரியும்மா,” என்றார் பாய்.

எஸ்தர் அந்த ஓட்டையைக் கத்தியால் லேசாக அகலப்படுத்தினாள். கறுத்த சீழ் வடிந்தது. மைனா நீளமாக மூச்சு விட்டது. வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை ஊறவைத்து, வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்து அடைத்து, சாக்குத் துணியால் கட்டினாள். மறுநாள் டாக்டர் வந்து ஊசி போட்டார். பத்து நாள் வண்டியில் பூட்டக் கூடாது என்றார். பாய் முகம் தொங்கிப்போனது.

அதற்கு அடுத்த நாள் காலையில் எஸ்தர் தன் வீட்டு எருதை ஓட்டிக்கொண்டு ஸ்டாண்டுக்கு வந்தாள். “பத்து நாளைக்கு இத்தப் பூட்டிக்க பாய்.”

குதிரை வண்டியில் எருது. சின்ன நுகத்தடி ஒன்றைக் கயிறு போட்டுக் கட்டினார்கள். பாய் குதிரைக்குக் கொடுக்கிற சத்தமெல்லாம் கொடுத்துப் பார்த்தார். எருது திரும்பி அவரை ஒரு தடவை பார்த்துவிட்டு மெதுவாக நடந்தது. நெல் மூட்டை இழுத்துப் பழகியதால் வழியில் ரைஸ் மில் வந்தால் தானாக உள்ளே திரும்பிவிடும். தலைதீபாவளிக்கு மாமியார் வீட்டுக்குப் போன ஒரு புது மாப்பிள்ளையும் பெண்ணும், பட்டு வேட்டி பட்டுப் புடவையோடு மில் களத்தில் காயப்போட்ட நெல்லுக்கு நடுவில் போய் நின்றார்கள். நானும் அந்த வண்டியில் இருந்தேன். “மெட்ராஸ் மெயில் நாஷ்டா சாப்ட நின்னுக்கினு கீதுப்பா,” என்றார் மில் ஆள் ஒருவர். பாயே சிரித்துவிட்டார். நொண்டல் வந்த நாளிலிருந்து அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

புண் ஆறியதும் மறுபடி லாடம் அடிக்க வேண்டும். காஞ்சிபுரத்துக்குக் கொண்டுபோ என்றார்கள் ஸ்டாண்டில். பாய் மைனாவை ஏரிக்கரைக்கே நடத்திக்கொண்டு வந்தார்.

“வேற எவனாச்சும்னா ஆணியத் தொடச்சிட்டுப் போயிருப்பான்,” என்றார் எஸ்தரிடம். “அடி.”

அவரே காலைப் பிடித்துக்கொண்டு முகத்தை மட்டும் ஏரிப்பக்கம் திருப்பிக்கொண்டார். எஸ்தர் ஒவ்வொரு அடிக்கும் நிறுத்தி, காதைச் சாய்த்துக் கேட்டு, அடுத்த அடியை அடித்தாள். கெட்டியான இடத்தில் ஆணி கணீரென்று இறங்கும், சதைப் பக்கம் போனால் சத்தம் மந்தமாகும் என்றாள். முடிந்ததும் மைனாவைத் தார் ரோட்டில் ஓடவிட்டார்கள். நாலு காலும் ஒரே மாதிரிக் கேட்டன. எஸ்தர் ரோட்டோரத்திலேயே உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள்.

அடுத்த வாரம் ஸ்டாண்டிலிருந்து இன்னும் இரண்டு குதிரைகள் அவளிடம் போயின. எனக்கும் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஜன்னலுக்கு வெளியே குதிரை வண்டி போனால் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்பேன். எந்தக் கால் தயங்குகிறது என்று சில நாள் பார்க்காமலே சொல்லியிருக்கிறேன்.

பிறகு எனக்கு மாற்றல் வந்தது. ஷேர் ஆட்டோவும் வந்தது. பாயின் மகன் அதைத்தான் வாங்கினான். மைனா கடைசிவரை பாய் வீட்டு வேப்பமரத்தடியில் சும்மா தின்றுகொண்டிருந்ததாகக் கேள்வி. வண்டிமாடுகளும் குறைந்துபோக, எஸ்தர் செங்கல்பட்டில் மகளோடு இருக்கப் போய்விட்டாளாம்.

போன வருடம் உத்திரமேரூர் போனபோது அந்த ஸ்டாண்டில் சற்று நேரம் நின்றேன். எங்க போவணும்மா என்று ஒரு டிரைவர் கேட்டார். வரிசையாக ஆட்டோக்கள், எல்லாம் ஒரே சத்தம். எதற்கு எங்கே வலிக்கிறது என்று ஒன்றும் தெரியவில்லை.