எதுவானாலும் ஓகே

அமெரிக்காவில், பிளானோ ஊரில் எங்கள் டீம் மேனேஜர் நம்மூர்க்காரர். எல்லோரும் அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். பொங்கலுக்கு வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போடுவார். ஆபீசில் அவரைக் கேட்காமல் மேலே ஒரு ஈமெயில்கூட அனுப்ப முடியாது. பெரிய மீட்டிங்கில் அவர் மட்டும் பேசுவார். நாங்கள் மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்போம்.

பழைய பில்லிங் சிஸ்டத்தைத் தூக்கிவிட்டுப் புதிதுக்கு மாறப்போகிறோம் என்று கம்பெனி அறிவித்ததும், அதற்கான பயிற்சிக்கு அனுப்பச் சொல்லி அண்ணாவிடம் கேட்டேன்.

"நீ போய்ட்டா பழச யாரும்மா பாப்பாங்க?"

"பழசே இருக்காதே, அண்ணா."

"அதெல்லாம் நான் பாத்துப்பேன். டென்ஷன் ஆகாத."

எப்படி ஆகாமல் இருப்பது? என் வேலை போனால் விசா போகும். வீட்டுக்காரர் என் விசாவை ஒட்டித்தான் இங்கே இருக்கிறார். மகள் ஸ்கூலில் படிக்கிறாள். இரண்டு மாதத்தில் வேறு வேலை கிடைக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். இதெல்லாம் தெரிந்துதான் அவர் என்னை ஒரே இடத்தில் ஆணியடித்து வைத்திருந்தார். என்னை மட்டுமா, மொத்த டீமையும். எங்களில் ஒருவருக்கும் புதிது தெரியாது.

பிறகு புது டைரக்டர் வந்தார், அமெரிக்கப் பெண்மணி. ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசுவேன் என்றார். அண்ணாவும் கூடவே வந்து உட்காரப் பார்த்தார். டைரக்டர் அவரை வெளியே அனுப்பிவிட்டார்.

என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: புது சிஸ்டத்தில் உனக்கு எந்த வேலை வேண்டும்? எதுவானாலும் ஓகே என்று என் வாய் தானாகச் சொன்னது. விருந்துக்குப் போன வீட்டில் காபியா டீயா என்றால் சொல்வோமே, அதே பதில். நன்றி என்றார். பேச்சு முடிந்தது.

வெளியே அண்ணா நின்றிருந்தார்.

"என்ன கேட்டா? நீ என்ன சொன்ன?"

"எதுவானாலும் ஓகேன்னேன்."

"கரெக்ட். அப்படித்தான் சொல்லணும்."

அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதி. அந்தப் பதில் அவருக்குத்தான் வசதி என்று அதைப் பார்த்ததும் புரிந்தது. திரும்பிப் போய் டைரக்டர் அறைக் கதவைத் தட்டினேன். பயிற்சி வேண்டும், கேட்டேன், அண்ணா அனுப்பவில்லை என்றேன். வேறு யாரெல்லாம் கேட்டார்கள் என்றார். எல்லோரும்தான் என்றேன்.

அடுத்த வாரம் மொத்த டீமும் பயிற்சியில் உட்கார்ந்தது. எப்போதோ கற்றிருக்க வேண்டியதை அரக்கப்பரக்கப் படித்தோம். யார் வேலை நிலைக்கும் என்று டைரக்டர் சொல்லவில்லை. கேட்க எங்களுக்கும் தைரியமில்லை. அந்தப் பொங்கலுக்கு அண்ணா வீட்டிலிருந்து எங்களில் யாருக்கும் அழைப்பு வரவில்லை.